நிலை: நிற்கிறது

ஜனவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். தலைநகரில் பதினோராவது மாடியில் உட்கார்ந்து ஊர்களுக்குத் தலையெழுத்து எழுதுகிறவனுக்கு என்ன குறைச்சல்?

ஏன் போன் பண்ணவில்லை என்று அம்மா கேட்கிறாள். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து, "அக்கா, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளு" என்பாய். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் தபால். உட்கார்ந்து முழுதாகப் படி.

உங்கள் அலுவலகத்தின் வரைவுப் பட்டியலைக் கம்பெனி கேட்டில் ஒட்டியிருக்கிறார்கள், கேன்டீன் நேரப் பலகைக்குப் பக்கத்தில். பத்து லட்சம் பேர் இருக்கிற பதினெட்டு ஊர்களை எடுத்து மூன்று கூடையில் போட்டிருக்கிறீர்கள். உற்பத்தி நகரம், சேவை நகரம், வழங்கல் நகரம். நம் ஊர் வழங்கல். மைக்ரான்தான் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் தர சோதனைக்காரர், எதையும் மைக்ரான் கணக்கில் அளந்து அந்தப் பட்டப்பெயரை வாங்கியவர். பெண் பார்க்கப் போன வீட்டில் கதவுச் சட்டம் கோணல் என்று சொல்லிவிட்டு வந்த ஆள். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, வழங்கல்னா என்ன? நாம என்னத்த வழங்கணும்?"

"எவனோ செஞ்சத வேற எவனுக்கோ வழங்கணும்" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கூத்து அதோடு முடியவில்லை. வழங்கல் நகரமாக ஆகிவிட்டால், தொழிற்சாலை நிலத்தைக் கிடங்காக மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமாம். எங்கள் சின்ன முதலாளி இதற்காகத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். ஏப்ரல் நாலாம் தேதி நகராட்சி மன்றத்தில் கருத்துக் கேட்பு. அதில் மாறாவிட்டால் பட்டியல் உறுதி. உறுதியான மறு மாதம் எங்களுக்குப் பூட்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நானும் ஒருத்தி, பத்தொன்பது வருஷமாக.

காரணம் என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்நகரின் இயந்திரத் திறனில் அறுபத்தொரு சதவீதம் பயன்பாட்டில் இல்லை." எந்தக் குருடன் எண்ணினான்? என் கிரைண்டிங் பிரிவில் முப்பத்தாறு மெஷின். மூன்று ஷிப்டும் சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை பராமரிப்புக்கு ஒரு மெஷினைக் கேட்டால்கூட என்னால் கொடுக்க முடியவில்லை.

பட்டியலின் அடியில் தயாரித்தவர்கள் பெயர் இருக்கிறது. மூன்றாவது பெயர் உன்னுடையது. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. தட்டில் முடி கிடந்த மாதிரி ஒரு அருவருப்பு.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

முழுதாகப் படித்தேன், இரண்டு முறை. திட்டுவதில் உனக்கு இருக்கிற கைத்திறன் குறையவே இல்லை.

எண்களை நான் எண்ணவில்லை. கணக்கெடுப்பை ஒரு வெளி நிறுவனம் செய்தது. நான் வரும் அட்டவணைகளைச் சேர்த்து அறிக்கை எழுதுகிறவன். அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

எண்ணைத் தள்ளிவை. விஷயத்தைப் பார். நாடு இப்போது இரண்டு முனையில்தான் வளர்கிறது. நாலு பெரிய நகரங்களில் யோசிக்கிற வேலை, துறைமுகத்தை ஒட்டிப் பிரம்மாண்டமான ஆலைகள். நம் ஊரைப் போன்றவை நடுவில் மாட்டிக்கொண்ட ரெண்டுங்கெட்டான்கள். பெரிய ஊரின் சம்பளம் கிடையாது, சின்ன ஊரின் மலிவும் கிடையாது. நீங்கள் டீசல் பம்புக்கு ஊசி வால்வு தேய்க்கிறீர்கள். இன்னும் ஆறேழு வருஷத்தில் அந்தப் பம்பையே யாரும் வாங்கப் போவதில்லை. ஆனால் நம் ஊர் நாலு நெடுஞ்சாலை கூடுகிற இடத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் போகிற லாரியும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படி இருக்கிற ஊர் பொருளை வாங்கி வைத்து அனுப்பினால் பிழைத்துக்கொள்ளும். இதில் அவமானம் என்ன இருக்கிறது?

எங்கள் இயக்குநர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டார். "இந்த மாதிரி ஊரெல்லாம் எதுக்கு இருக்குன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சொன்னால் உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்: அந்த ஊரில் வளர்ந்த எனக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இங்கே யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஓ, வழியில வரும்ல" என்கிறார்கள். அவ்வளவுதான் அதன் அடையாளம். சட்டையில் ஒட்டிக்கொண்டு போகாத அந்தக் கூலன்ட் எண்ணெய் வாடையைச் சேர்த்தால் இரண்டு அடையாளம்.

நீ கெட்டிக்காரி. கிடங்குகளுக்கும் மேற்பார்வையாளர்கள் வேண்டும். யோசித்துப் பார்.

தம்பி


பிப்ரவரி 2

தம்பி,

கிடங்கு வேலையை எனக்கு நீ சிபாரிசு செய்ததற்குத் தனியாக வைத்துக்கொள்கிறேன். இப்போது வேறு ஒரு விஷயம். அதைக் கேட்டால் நீயே தலையில் அடித்துக்கொள்வாய்.

நகராட்சியில் மனுப்போட்டு உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பை வாங்கினேன். மெஷின் மெஷினாக வரிசை போட்டிருக்கிறது. எங்கள் பதினாலாம் நம்பர் மெஷின், எங்கள் பிரிவிலேயே தங்கம், அதற்கு எதிரே "இயங்கிய நேரம்: பூஜ்யம்". இருபத்திரண்டாம் நம்பர் ஒரு நொண்டிக் கழுதை, மணிக்கு நாலு தடவை நிறுத்தி அதைத் தாஜா பண்ண வேண்டும், அதற்கு எதிரே "முழு நேரம்". நானும் மைக்ரானும் கேன்டீனில் தாளை விரித்துப் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டோம். எங்கள் ஷிப்ட் தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தோம். திடீரென்று மனுஷன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பாவிகளா" என்றார்.

ஷிப்ட் தாளில் "நிலை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை ஒரு துண்டை எடுத்து அளந்து பார்த்து அதில் எழுத வேண்டும். அளவு மாறாமல் இருந்தால் "நிக்குது" என்று எழுதுவோம். அளவு நிற்கிறது என்று அர்த்தம். எல்லாம் சரியாக இருக்கிறது, கை வைக்காதே என்று அர்த்தம். அளவு நழுவ ஆரம்பித்தால் "ஓடுது". அப்படி எழுதினால் உடனே மெஷினை நிறுத்திச் சரி பண்ண வேண்டும். நிஜமாகவே மெஷின் கிடையில் இருந்தால் "ஆஃப்". எங்கள் கம்பெனியில் மட்டும் இல்லை, இந்த ஊரில் மெஷின் வைத்திருக்கிற அத்தனை பேரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

கணக்கெடுக்கக் கையில் டேப்லெட்டோடு வந்த இரண்டு பெண்களும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நிக்குது என்று இருந்ததெல்லாம் நின்றுபோன மெஷின். ஓடுது என்று இருந்ததெல்லாம் ஓடுகிற மெஷின். எவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தோமோ அவ்வளவுக்கு நாங்கள் உங்கள் கணக்கில் செத்துப் போயிருக்கிறோம்! ஊரிலேயே மோசமான பட்டறைக்காரன் உங்கள் அறிக்கையில் சூரன்.

அறுபத்தொரு சதவீதம் என்கிறாயே, அது எங்கள் வெட்டி நேரம் இல்லை. எங்கள் நல்ல நேரம்.

எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வார்த்தை புரியாத குழப்பம்தான். ஷிப்ட் தாள்களின் பிரதி இதோடு இருக்கிறது. உன் இயக்குநரிடம் காட்டு, ஒரு வரியில் திருத்திவிடு, ஏப்ரல் வரை இழுக்காதே. போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று அம்மா சொல்கிறாள். அப்படியே வைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

தாள்கள் கிடைத்தன. நீ எழுதியதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டேன்.

நடைமுறை ஒன்று இருக்கிறது. கணக்கெடுப்பில் இடம்பெற்ற ஒரு சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்றால், சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் நிர்வாகம் அதை எழுத்து மூலம் உறுதிப்படுத்த வேண்டும். தொழிலாளர் தரப்பு விளக்கம் மட்டும் போதாது. உங்கள் சின்ன முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பினால் மேற்கொண்டு பார்க்கலாம்.

இது என் கையில் இல்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன். பட்டியலை வைத்து மின்பாதை, சரக்கு ரயில், தொழிற்பள்ளி எல்லாம் எந்தெந்த ஊருக்கு என்று வேலை தொடங்கிவிட்டது. ஒன்றை அசைத்தால் பல அசையும்.

அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும். பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

சின்ன முதலாளியைப் பார்த்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாயிடம் போய்க் குடை கேட்டிருக்கிறேன்.

அவர் அறையில் மேஜை மேல் ஒரு அட்டைப் பொம்மை வைத்திருக்கிறார். கிடங்கின் மாதிரியாம். வெள்ளைவெளேரென்று, ஒரு ஜன்னல்கூட இல்லாமல், இருபது குட்டி லாரிகளோடு. என் கிரைண்டிங் பிரிவு இருக்கிற இடத்தில் லாரி திரும்புகிறது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"சூப்பர்வைசர் அம்மா, நிக்குதுன்னா நிக்குதுதான். எனக்கும் தமிழ் தெரியும்" என்றார்.

"சார், உங்க அப்பா காலத்துலேருந்து நாம அப்படித்தான எழுதறோம். நீங்களே ரெண்டு வருஷம் ஷிப்ட் பாத்தீங்க. உங்க கையால எழுதின தாள் எங்கிட்ட இருக்கு."

ஒரு குட்டி லாரியை எடுத்து நகர்த்தி வைத்தார். "அது அப்போ. இப்போ எனக்கு அதுக்கு அர்த்தம் மறந்துபோச்சு" என்றார். முகத்தில் ஒரு வெட்கம் இருக்க வேண்டுமே! மருந்துக்கும் இல்லை. அரை லிட்டர் பாலைக் குடித்த பூனை மாதிரி இருந்தது அந்த முகம். வெளியே வந்து குழாயடியில் கை கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை, அவரை நான் தொடக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தால் உன் அத்தான். அவர் போன வருஷத்திலிருந்து சுற்றுச்சாலைக் கிடங்கில்தான் இருக்கிறார் என்று உனக்குத் தெரியும். மணிக்கட்டில் ஒரு கருவி கட்டிவிடுகிறார்கள். முப்பது விநாடி அசையாமல் இருந்தால் அது கத்தும். "எதுக்கு இந்த ஆட்டம் ஆடற? நானும் அங்கதான் இருக்கேன், செத்தா போயிட்டேன்?" என்றார். சொல்லிக்கொண்டே நின்றபடி சாப்பிட்டார். ஆறு மாதமாக அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. உட்காருங்க என்றால், பழகிப்போச்சு என்கிறார். பதினாறு வருஷம் லேத் ஓட்டின மனுஷன். அந்தக் கிடங்கில் அவருடைய வேலைக்குப் பெயர் "எடுப்பவர்". சாமான் எடுக்கிறாராம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

உன் போன கடிதத்தைக் காய்கறி நறுக்கிக்கொண்டே படித்தேன், அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். ஊரே சிரிக்கிற ஒரு விஷயத்தை உனக்கு எழுதினேன். மைக்ரானுக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. நீ சிரிக்கவில்லை. அடப்பாவமே என்று ஒரு வார்த்தை இல்லை. "கவனத்தில் எடுத்துக்கொண்டேன்." தெரியாத விஷயத்தைக் கேட்டவன் அப்படி எழுத மாட்டான்.

அப்பாவும் கிரைண்டிங் ஆள்தான். வேலை விட்டு வந்தால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு நின்னுச்சா?" நின்றது என்றால் வீட்டில் சந்தோஷம். ஓடிச்சு என்றால் அவரிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. அந்த வீட்டில்தானே நீயும் வளர்ந்தாய்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடைமுறை, நிர்வாகம் எதுவும் வேண்டாம். அட்டவணையைச் சேர்த்தபோது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா


மார்ச் 14

அக்கா,

தெரியும். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

நவம்பரில் அட்டவணை வந்தபோது எண் விசித்திரமாக இருந்தது. மூலத் தாள்களின் படங்களை வரவழைத்தேன். நான் திறந்த மூன்றாவது படம் உன்னுடையது. பதினாலாம் நம்பர் மெஷின், காலை ஷிப்ட். எட்டுக் கட்டத்திலும் "நிக்குது". உன் கையெழுத்து, கடைசி 'து'வின் வாலை இழுத்து இழுத்துப் போடுகிறாயே, அது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். பொய் இல்லை, அன்றைக்கே சொன்னேன். அவர் தேநீர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கேட்டார், ரசித்தார், "அருமையான கதை" என்றார். அப்புறம், "உற்பத்தி நகரம் ஆறுதான். ஆறும் முடிவாயிடுச்சு. எண்ணு வேற வழியா வந்திருந்தாலும் விடை இதுதான். விடு" என்றார்.

விட்டேன்.

அவர் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தாயிற்று. அது முழு உண்மை இல்லை. அவர் விடு என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். ஆனால் நிஜமான சந்தோஷம். வழியில் வருகிற அந்த ஊர், எங்கேயும் போகாத அந்த ஊர், என்னை எண்ணெய் வாடையோடு இங்கே அனுப்பிய ஊர், தொலையட்டும் என்று இருந்தது. என் கையால் தொலைகிறது என்பது இன்னும் நன்றாக இருந்தது. அதில் நீ இருக்கிறாய் என்பது தெரிந்தே.

அப்புறம் அதற்கு நியாயம் கட்டினேன். டீசல் போகப் போகிறது, எப்படியும் மூடத்தான் போகிறார்கள், தப்பான கணக்கு சரியான விடை. உனக்கு முதல் கடிதத்தில் எழுதினேனே, அதெல்லாம் அந்த நியாயம்தான். அறிக்கைத் தமிழில் பேசிப் பேசி என் வாயே நாறுகிறது.

ஏப்ரல் நாலுக்கு என்னால் வர முடியாது. வந்து சொன்னால் என் வேலை அன்றோடு சரி. இதை மட்டும் புரிந்துகொள். கிழித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 5

தம்பி,

நேற்றுக் கருத்துக் கேட்பு நடந்தது. நடந்ததை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது, அதனால் காலையில் முதல் வேலையாக எழுதுகிறேன்.

நகராட்சி மன்றத்தில் எழுபது பேர் இருந்தோம். நாற்காலி ஐம்பது. அதிகாரி ஒருவர் உங்கள் தலைநகரிலிருந்து வந்திருந்தார், விடிகாலை ரயில் போலிருக்கிறது, கொட்டாவியை உதட்டைக் கடித்து விழுங்கிக்கொண்டே இருந்தார். சின்ன முதலாளி முதல் வரிசையில். மைக்ரான் எழுந்து வார்த்தையின் அர்த்தத்தைச் சொன்னார். பாவம், அளவுகோலைக் கையோடு கொண்டுவந்து, ஒரு வால்வை அளந்தே காட்டினார். சின்ன முதலாளி எழுந்து, "நிர்வாகத்தின் பதிவேட்டில் அப்படிப் பொருள் எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் முடித்து உட்கார்ந்துவிட்டார். அவர் கையால் எழுதின பழைய தாளை நீட்டினேன்; அதிலும் வெறும் "நிக்குது"தான், அர்த்தம் எழுதியில்லை. எங்களோடு கேட்டில் நின்று கோஷம் போட்ட நாலு பேர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். கிடங்கில் மேற்பார்வை வேலை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு. ஆனா தொழிலாளி ஒண்ணு சொல்றாங்க, முதலாளி ஒண்ணு சொல்றார். எங்க அலுவலகத் தரப்புல இத யாராவது ஒத்துக்கிட்டதுக்கு ஆதாரம் இருக்கா?" என்றார்.

பையில் உன் கடிதம் இருந்தது.

கிழிக்கவில்லை. கிழிக்க எடுத்து, மடித்து வைத்துவிட்டேன். கருத்துக் கேட்புக்கு அதை எதற்கு எடுத்துப் போனாய் என்று கேட்பாய். தெரியாமல் வந்துவிட்டது என்று உன்னிடம் கதை விட மாட்டேன். தெரிந்துதான் எடுத்துப் போனேன். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கேட்டுவிட்டார்.

எழுந்து வாசித்தேன். உன் சந்தோஷம் இருக்கிற பத்தியை விட்டுவிட்டு வாசித்தேன். அது நம் வீட்டுச் சங்கதி, ஊருக்கு எதற்கு என்று நினைத்தேன். ஆனால் முடித்ததும் அதிகாரி கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டார். மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தார். கோப்பு எண் போட்டு, துளை குத்திக் கோத்துவிட்டார். அந்தப் பத்தியும் இப்போது கோப்பில் இருக்கிறது.

வெளியே வந்ததும் என்னைத் தூக்காத குறை. மைக்ரான் அழுதார். நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன். இரண்டு மாதமாக உன்னை நினைத்து எனக்கு இருந்த அருவருப்பு எனக்குத் தெரியும். நேற்று என்னை நினைத்து இருந்தது அதைவிடக் கொஞ்சம்கூடக் குறைச்சல் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதப் போவதில்லை. மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினால் மறுபடியும் வாசிப்பேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைத் தட்டின் ஒரு பக்கம் வைத்தால் நீ ஒருத்தன் எந்த மூலைக்கு? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா


மே 20

அக்கா,

ஏப்ரல் ஒன்பதாம் தேதி என்னை இடைநீக்கம் செய்தார்கள். மேஜையில் இருந்ததை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு காவலாளி லிப்ட் வரை கூட வந்தார். இயக்குநருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எதையும் எழுதி வைக்கிற பழக்கம் இல்லாதவர். உன் தம்பிதான் கடிதம் எழுதுகிற ரகம். அம்மாவிடம் இடமாற்றம் என்று சொல்.

உன் கையெழுத்தை உறை மேல் பார்த்தாலே கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஆனால் நீ செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம், இறுதிப் பட்டியல் கையெழுத்தாகிவிட்டதாக அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். நாளை மறுநாள் உங்கள் கேட்டில் ஒட்டுவார்கள். நம் ஊர் உற்பத்தி நகரம். மின்பாதை வரும். நிலத்தை மாற்ற முடியாது. உங்கள் சின்ன முதலாளி அந்த அட்டைப் பொம்மையைப் பரணில் போடலாம். ஜெயித்துவிட்டாய்.

ஆறு என்றால் ஆறுதான் என்று உனக்கு எழுதியிருந்தேன். அதை ஏழாக்க யாரும் தயாராக இல்லை. நம் ஊர் உள்ளே போனதால் ஒன்று வெளியே வந்தது. பிற்பகல் கூட்டத்தில், பதினைந்து நிமிஷத்தில் முடித்தார்களாம். கண்ணாடிப் புட்டி செய்கிற ஊர். நம் ஊர் அளவுதான். நான் போனதில்லை, ரயிலில் தாண்டியிருக்கிறேன். அங்கே உலையை ஒருமுறை அணைத்தால் உள்ளே இருக்கிற கண்ணாடி பாறையாக இறுகிவிடும், உலையையே இடிக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். அது இப்போது வழங்கல் நகரம்.

அந்த ஊர்த் தாள்களையும் நவம்பரில் பார்த்தேன். உலை நிலவரம் எழுதுகிற கட்டத்தில் அறுபது இடத்தில் "தூங்குது" என்று எழுதியிருக்கிறார்கள். அதை ஓய்வு நேரம் என்று எண்ணியிருக்கிறோம். நிஜமாக அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அங்கே ஒரு தம்பி இல்லை.

அவர்களுக்குக் கருத்துக் கேட்பும் கிடையாது. அதற்கான தேதி முடிந்துவிட்டதாம்.

இனி எனக்கு எழுதாதே.

தம்பி


மே 28

தம்பி,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மைக்ரானிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "தூங்குதுன்னா கொதி அடங்கி, குமிழி இல்லாம, கண்ணாடி நல்லா தெளிஞ்சு இருக்குன்னு சொல்வாங்களோ என்னமோ. அவங்களத்தான் கேக்கணும்" என்றார். கேட்போமா என்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "கேட்டா திரும்ப நம்மளத்தான உற்பத்திலேருந்து எடுப்பாங்க" என்றார். நான் கடிதத்தை வாங்கி, இந்தத் தடவை கிழித்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் பட்டியலை ஒட்டினார்கள். உன் கடிதம் வந்தது காலையில். கேட்டில் இனிப்பு கொடுத்தது மத்தியானம். நானும் வரிசையில் நின்று வாங்கித் தின்றேன்.

அக்கா